கடைசியில் அழுத்தும் கை

செமஸ்டர் முடியும்போது எங்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். ஸ்டூடியோ வகுப்புகளில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன, சிரமப்பட்டது எங்கே, உங்கள் கைவேலையைப் பற்றி நீங்களே என்ன நினைக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆறு கோடு. ஒரு பக்கம் சிங்களம், திருப்பினால் தமிழ். தமிழ்ப் பக்கத்தை நிரப்ப வேண்டியவர்கள் வகுப்பில் இரண்டே பேர், நானும் கோபிகாவும். கோபிகா அதை வாங்கிய இடத்திலேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் மூன்று வாரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். எழுத விஷயம் இல்லாமல் இல்லை. அசதி. பேனாவைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது. நேற்றோடு மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இந்தத் தாள் மட்டும்தான் பாக்கி. ஆறு கோட்டில் அடங்காது என்று தெரிந்ததால் முதலில் இந்தக் கொப்பியில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டம் கலவானப் பக்கம். பாதி தேயிலை, பாதி ரப்பர். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இரத்தினபுரியில் வகுப்பு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தைக் கடவுள்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் முதல் கேள்விக்குப் பதில் எழுத நினைத்தேன். வகுப்பு ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். கீழே மாணிக்கக்கல் வியாபாரிகள் விரலிடுக்கில் கல்லை வைத்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேலே நாங்கள் பதினொரு பேர் ஒரு போத்தலையும் இரண்டு வெங்காயத்தையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம்.

சொல்லித் தருபவர் பஞ்சலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து பதினைந்து வருஷமாகிறது. பாடத்தைச் சிங்களத்தில் நடத்துவார், எங்கள் இரண்டு பேரிடமும் வந்தால் தமிழ். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. ஆனால் ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். பென்சில் சீவுவதற்கு ஒரு ஒழுங்கு, தாளை மடியில் சாய்த்து வைப்பதற்கு ஒரு ஒழுங்கு, நிழல் போடுவதற்கு ஒரு ஒழுங்கு. நிழலைத் தேய்க்கக் கூடாது, கோடு கோடாகப் போட வேண்டும். கோடு மேலே வலது பக்கத்தில் தொடங்கி, இடது பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். வலது கைக்காரருக்கு அதுதான் இயற்கை, இடது கைக்காரருக்குத்தான் மற்றப் பக்கம் சாயும் என்பார்.

எனக்கு அந்த இயற்கை வரவில்லை. நான் வலது கைக்காரிதான், சாப்பிடுவதும் எழுதுவதும் அந்தக் கையால்தான். ஆனால் கோடு என்று போட்டால் அது இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே வழிந்துவிடும். முதல் மாதம் முழுக்க என் தாள்களில் சிவப்புப் பென்சில்தான் அதிகம். இரண்டாவது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திருப்பினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் ஒருதரம் யோசித்துவிட்டு இழுப்பது எவ்வளவு அலுப்பு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது மாதம் சிவப்பு குறைந்தது. நான்காவது மாதம், "இப்ப வடிவாய் வருது" என்றார். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாதி மார்க் வகுப்பு வேலைக்கு. மற்றப் பாதி வீட்டு வேலைக்கு. ஓய்வில் இருக்கும் ஒருவரை இருபது தாள்களில் வரைந்து வர வேண்டும், ஒரே ஆள், இருபது தடவை. இரண்டில் எது போனாலும் செமஸ்டர் போச்சு.

என் அம்மா அழகம்மா இருபத்தாறு வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வரைவதற்கு வீட்டில் ஆள் என்றால் அம்மா ஒருத்திதான். அம்மாவுக்கும் ஓய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று சேரிடம் கேட்டிருக்க வேண்டும். விடியற்காலையில் போனால் பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிவிட்டு வர மதியம் ஒரு மணியாகும். சாப்பிட்டதும் கதவு வெளிச்சத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் கண்ணை மூடுவாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கும். அந்த அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைத்த ஓய்வு.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மேசை என்று இருப்பதில் டீவியும் சாமிப் படமும் இருக்கின்றன. அதனால் எதிர்ச் சுவரில் தாளை ஒட்டி, நின்றுகொண்டு வரைந்தேன். கண் அம்மா மேலே, கை சுவரில். யோசிக்க நேரமில்லை, முழித்துவிட்டால் எழுந்து போய்விடுவாள். அந்த இருபது தாளும் அப்படி வந்தவை. செமஸ்டர் முழுவதிலும் எனக்கு அலுப்புத் தட்டாத நேரம் அது ஒன்றுதான்.

மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷத்திலிருந்து வீக்கம். எண்ணெய் போட்டாயிற்று, தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த குளிசையும் விழுங்கியாயிற்று. கத்தியைப் பிடித்து இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அது வேலை செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது மரம். கங்காணி பழனியாண்டி மாமா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். தை பிறப்பதற்குள் அம்மாவின் கை சரியாகாவிட்டால், வீட்டிலிருந்து வேறு ஒருவர் பேர் பதிந்து அம்மாவின் மரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். யாருமே வெட்டாவிட்டால் காம்பராவையும் விட வேண்டி வரலாம். வேறு ஒருவர் என்றால் நான்தான்.

நானும் அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். செமஸ்டர் பாஸானால் நான் படிக்கப் போவது, அம்மா எப்படியாவது சமாளிப்பது. பெயிலானால் கத்தி என் கைக்கு வருவது. அதை அம்மாதான் சொன்னாள், சோறு போட்டுக்கொண்டே, தேங்காய் வாங்கி வா என்கிற குரலில். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன புதன்கிழமை சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் இடது பக்கம் என் வகுப்புத் தாள்கள், வலது பக்கம் அம்மா. அவரிடம் ஒரு கண்ணாடி வில்லை உண்டு, கல் பார்ப்பவர்கள் வைத்திருப்பது. அதை வைத்து அம்மாவின் கழுத்தடி நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்புத் தாள்களில் கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, வீட்டுத் தாள்களில் எல்லாம் மற்றப் பக்கம். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது.

"இது உம்மட கை இல்லை," என்றார். "இடக்கைக்காரர் கீறினது. வீட்டில ஆர் இடக்கை?"

யாரும் இல்லை என்றேன். பக்கத்துக் காம்பராவில்? அங்கேயும் இல்லை. நான்தான் வரைந்தேன் என்று சொன்னேன். முதல் மாதம் என் கோடு இப்படித்தானே சாய்ந்தது என்று கேட்டதற்கு, அது பழகாத கையின் பிழை, இது நன்றாகப் பழகின கை என்றார். திருடாதவன் திருடவில்லை என்று சொல்லும்போது குரல் ஏன் திருடன் மாதிரியே வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், ஒரு தாளைக் கொடுத்து, எதிரில் இருந்த மண் சட்டிக்கு நிழல் போடச் சொன்னார்.

உட்கார்ந்தேன். தாளை அவர் சொல்லித் தந்த மாதிரி மடியில் சாய்த்து வைத்தேன். நாலு மாதமாகப் பழக்கிய கை, நாய்க்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. கோடு வலது பக்கம் மேலே தொடங்கி இடது பக்கமாக ஒழுங்காக இறங்கியது. பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. மாற்றிப் போடலாமா என்று யோசித்தேன். மாற்றினால் அதுவும் நடிப்பாகத்தான் தெரியும். சட்டியை முடித்துக் கொடுத்தேன்.

சேர் அதை வாங்கி வகுப்புத் தாள்களோடு வைத்தார். இரண்டும் ஒன்றுதான். அடுத்த புதன் வரைக்கும் தவணை தந்தார். அதற்குள் உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது இருபது தாளும் பூஜ்ஜியம். இவ்வளவு நல்ல படங்களை வேறு ஆளைக் கொண்டு போடுவித்தது ஏன் என்று கேட்டார். நல்ல படங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு நிழலும் சரிவும் விளங்கவில்லை, மகளைக் கள்ளி என்று சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு, மணிக்கட்டு முடியவில்லை, சனிக்கிழமை பாதி மரத்தை நீ வெட்டு என்றாள். பழக்குவதற்காகச் சொன்னாளா, உண்மையிலேயே முடியவில்லையா என்று நான் கேட்கவில்லை. லீவு நாட்களில் பன்னிரண்டு வயதிலிருந்து அவளோடு போய் வெட்டியிருக்கிறேன், எனக்கு அது புதிது இல்லை.

சனிக்கிழமை மழை இல்லை. மரம் காய்ந்திருந்தது. அம்மா மேல் வரிசை, நான் கீழ் வரிசை. கை தானாகப் போயிற்று. முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கிற பால் நாடாவை உரித்துக் கூடையில் போடுவது, கத்தியை வைத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவி இழுப்பது, பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது, அடுத்த மரம். முப்பது நாற்பது மரம் முடிந்திருக்கும். பழனியாண்டி மாமா சுற்றிக்கொண்டு வந்தார். நான் தூரத்தில் இருந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. வழியில் ஒரு மரத்துப் பக்கம் நின்றார், அடுத்ததிலும் நின்றார். பிறகு மேலே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"அழகம்மா, இது ஒன்னோட வெட்டு இல்லையே. குமாரியா வெட்டுனா?"

பேர் பதியாத ஆள் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது சட்டம், சின்ன வயதில் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். நான் போய் முன்னால் நின்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பாத்தா தெரியாதா? எழுத்து மாதிரித்தானே," என்றார். "ஒங்கம்மா வெட்டு ஒரே சீரா எறங்கும். நீ கடைசில கைய அழுத்துற. சின்ன புள்ளையில இருந்தே இப்புடித்தான். மரத்துல காயம் விழுது பாரு."

விரலை வைத்துக் காட்டினார். வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி, மரத்தைச் சுற்றிச் சரிந்து, வலது பக்கம் கீழே இறங்கியது. எந்த ரப்பர் மரத்திலும் வெட்டு அப்படித்தான் இறங்கும், அப்படிச் சரித்தால்தான் பால் நிறைய வரும். இறங்கி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு குழி. அழுத்தின இடம்.

நான் அந்த மரத்தைப் பார்த்தபடியே நின்றேன். பன்னிரண்டு வயதிலிருந்து நின்றுகொண்டு, கண்ணுக்கு நேரே, இடமிருந்து வலமாகச் சரித்து எத்தனை ஆயிரம் கோடு இழுத்திருக்கிறேன். சேர் சொன்ன இயற்கை எனக்கு ஏன் வரவில்லை என்பதும், சுவருக்கு முன்னால் நின்றபோது கை ஏன் திரும்பிப் போனது என்பதும் அங்கேதான் விளங்கியது. டவுனில் என் வேலையை என் வேலை இல்லை என்றார்கள். இங்கே ஒரு மனுஷர் அம்மாவின் மரங்களுக்கு நடுவிலிருந்து என் கையைப் பிரித்து எடுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. திட்டும்போது சிரிக்கிறாள் என்று அவருக்குக் கோபம் கூடிவிட்டது. இந்த ஒரு நாள் சரி, திங்கட்கிழமை இப்படி நடந்தால் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று புதன்கிழமை. உண்மையைச் சொல்ல வந்தீரா என்று சேர் கேட்டார். சொல்கிறேன், ஆனால் நின்றுகொண்டு வரைந்துதான் சொல்வேன் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றார். சுவரில் என் கண் உயரத்துக்கு ஒரு தாளை ஒட்டினேன். ஜன்னலடியில் கோபிகா சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள், அவளை வரைந்தேன். நாலைந்து கோட்டுக்குக் கை தயங்கியது. பிறகு தோள் இளகியது. கோபிகாவின் கழுத்தடியில், மடித்த கைக்குக் கீழே, ஜன்னல் பலகையின் ஓரத்தில் கோடுகள் தாமாகவே இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழே சரிந்தன.

சேர் பக்கத்தில் வந்து நின்றார். வில்லையை எடுத்து முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு கோட்டின் முடிவையும் பாருங்கள் சேர் என்றேன். இரண்டு தாளிலும், கோடு முடிகிற இடத்தில் பென்சில் கரி கொஞ்சம் அழுந்திக் கறுத்திருந்தது. அதை யாராலும் பார்த்துப் போட முடியாது. நான் ரப்பர் வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன். பழனியாண்டி மாமா திட்டியதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பதினைந்து வருஷமாக ரப்பர் மரங்களுக்கு நடுவில் பஸ்ஸில் போய் வருகிற மனுஷர், ஒரு மரத்தையும் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப ஏன் வகுப்பில மற்றப் பக்கமாக் கீறினீர்?" என்றார்.

"நீங்க அப்படித்தான் போடச் சொன்னீங்க, சேர்."

அவர் மேசையில் கிடந்த என் வகுப்புத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலை சரி பார்த்து, கட்டி வைத்தார். பிறகு அம்மாவின் இருபது தாள்களுக்கும் மார்க் போட்டார். வகுப்பு வேலைக்குப் போட்டதைவிட அது அதிகம். தன்னில்தான் பிழை என்று மெதுவாகச் சொன்னார். வயதில் பெரியவர் அப்படிச் சொன்னதும் எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. அடுத்த செமஸ்டரில் நின்றே வரையலாம் என்றார். பாஸ். போகும்போது இந்தத் தாளையும் நிரப்பித் தரச் சொல்லி ஞாபகப்படுத்தினார்.

படியிறங்கி வரும்போது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, பஸ் நிவித்திகலை தாண்டும் வரைக்கும் இருந்தது. பிறகு ரோட்டோரத்தில் ரப்பர் மரங்கள் தொடங்கின. அப்போதுதான் எங்கள் முடிவின் மற்றப் பாதி ஞாபகத்துக்கு வந்தது. பெயிலானால் கத்தி எனக்கு. பாஸானால் கத்தி அம்மாவிடமே. ஆறு மாதமாக என் பாதியை மட்டும் நினைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்று தூங்கியிருக்கிறேன். என்னை மரத்திடமிருந்து காப்பாற்றியது மரம் வெட்டின கை. அந்தக் கை தப்பித்ததால் இனித் தினமும் போகப் போவது வீங்கின கை. இதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது?

வீட்டுக்கு வந்தபோது அம்மா பைப்படியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள், இடது கையால். சேர் என்ன சொன்னார் என்று நிமிராமலே கேட்டாள். விட்டுவிட்டார், பாஸ் என்றேன். உன்னை வரைந்ததுதான் நல்லா இருக்கிறது என்றார் என்றும் சொன்னேன். தூங்குகிற பொம்பளையில் என்ன நல்லா இருக்கிறது என்று சிரித்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அடுத்த வருசமும் போவ," என்றாள்.

"வேணாம்மா. ஒன் கை இப்புடி இருக்கு. நான் பேரப் பதியுறேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, பாசமா என்று சொல்லத் தெரியவில்லை, இருபது தடவை வரைந்த முகம்தான். பிறகு மணிக்கட்டில் நனைந்து தளர்ந்திருந்த துணியை அவிழ்த்து, கையை என் முன்னால் நீட்டினாள்.

"நீ வெட்டுனா மரம் காயமாகும்," என்றாள். "இத இறுக்கிக் கட்டி விடு. காலைல வெள்ளனப் போகணும்."

கட்டினேன். முடிச்சுப் போடும்போது கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் விரல்களை ஒருதரம் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.